சொல்லாத பொய்

சொன்ன சொற்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆயினும் கேட்டவர் ஏமாந்து போனார். இப்படி ஒரு நிலை நேரும்போது, சொன்னவர் குற்றவாளியா, அல்லரா? "நான் என்ன பொய் சொன்னேன்? அவராக ஏதோ எண்ணிக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பாக முடியுமா?" என்று அவர் கேட்கிறார். இந்தக் கேள்விக்கு நம்மில் பலரால் உடனே விடை சொல்ல முடிவதில்லை. ஏனெனில், வேறு வேளைகளில் இதே கேள்வியை நமக்குச் சாதகமாக நாமும் கேட்டுக்கொண்டவர்கள்தாம்.

வாய்மை என்றால் பொய் பேசாதிருத்தல் என்று சிறு பருவம் முதல் கற்று வந்திருக்கிறோம். நடவாததை நடந்ததாகவும், இல்லாததை இருப்பதாகவும் சொல்வது பொய். இந்த இலக்கணம் எளியது. பள்ளிப் பிள்ளைக்குப் போதுமானது. வாழ்க்கையின் கொடுக்கல் வாங்கலிலோ இது போதாமற் போய்விடுகிறது. அரைகுறையாகச் சொல்லுதல், குறிப்பாகச் சொல்லுதல், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுதல், எஞ்சியதைக் கேட்பவரின் ஆசையே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுதல் ஆகிய இவற்றையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுவது?

இதனை ஆராய வாசகர்களைச் சற்றுத் தொலைவான ஓரிடத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். வட இங்கிலாந்தின் ஆற்றங்கரை அது. அங்கே மீன் பிடிக்கும் ஒருவன், பட்டு நூலையும் பறவையின் இறகு ஒன்றையும் கொண்டு, விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டிருக்கிறான். அந்தப் பொய் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் கூர்ந்து நோக்கினால், நம் கேள்விக்கும் ஒரு விடை தெளியும் என்று எண்ணுகிறோம்.

டிரவுட் என்னும் மீன் நம் நாட்டுக்கு முற்றிலும் புதியதன்று. குளிர்ந்து, தெளிந்து, விரைந்தோடும் நீரே அதற்கு உகந்தது. நீலகிரி மலையின் ஓடைகளில் அது உண்டு. ஆனால் அது அம்மலைக்கே உரிய மீனன்று. வெள்ளையர் ஆட்சியில் பலமுறை முயன்று தோற்ற பின்னர், எச். சி. வில்சன் என்பவரின் உழைப்பால் 1907ஆம் ஆண்டளவில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வளர்க்கப்பட்ட வானவில் டிரவுட்டின் வழிவந்தவை அவை. நாம் இங்கே பேச வருவது அதன் உறவான, ஐரோப்பிய ஆறுகளுக்கே உரிய பழுப்பு டிரவுட்டைப் பற்றியது. யார்க்‌ஷயரின் வார்ஃப், நிட், யூர் ஆகிய ஆறுகளிலும், ஸ்காட்லாந்தின் எல்லையோரத்து ட்வீட் ஆற்றிலும் அது மிகுதியாக வாழ்கிறது.

இந்த ஆறுகள் மழையால் பெருகி, கற்களின்மேல் நுரைத்து ஓடுபவை. கற்களுக்கு அடியில் பலவகைப் பூச்சிகளின் இளம் பருவங்கள் வளர்கின்றன. அவற்றுள் மேஃப்ளை என்னும் இனத்தின் வாழ்க்கை வியப்புக்குரியது. நீருக்கடியில் நெடுங்காலம், பெரும்பாலும் ஓராண்டளவு, வளர்ந்து, பின்னர் ஒரு நாள் மேல்நோக்கி எழுகிறது. நீர்ப்பரப்பை அடைந்து தோலை உரித்துச் சிறகு பெறுகிறது. சிறகு பெற்ற பின் அது எதையும் உண்பதில்லை. இணை சேர்ந்து, முட்டையிட்டு, ஓரிரு நாட்களில் மடிந்துவிடுகிறது. ஆற்றின் அடிக்கும் மேற்பரப்புக்கும் இடையே, பழைய தோலை முற்றும் விடாமலும் புதிய சிறகை முற்றும் பெறாமலும் அது தத்தளிக்கும் அந்தச் சில கணங்களே அதற்கு மிகுந்த ஆபத்தானவை. டிரவுட் காத்திருப்பதும் அந்தக் கணங்களுக்காகவே.

அந்தத் தத்தளிப்பைப் போலியாகச் செய்து காட்டுவதே நாம் சொன்ன கலை. இவ்வாறு கட்டப்படும் போலிப் பூச்சியை ஆங்கிலேயர் 'ஈ' என்றே வழங்குவர். அதில் பலவகைகள் உண்டு. மென்மையான இறகைச் சுற்றிக் கட்டப்படுவதை நாம் மென்னிறகு ஈ எனலாம். சிலந்தியின் கால்களைப் போல இழைகள் பரந்து நிற்பதால் வடநாட்டார் இதனைச் 'சிலந்தி' என்றும் அழைத்தனர்.

இதைக் கட்டும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள தூண்டில் முள் ஒன்று வேண்டும். ஆரஞ்சு நிறப் பட்டு நூலில் மெழுகைத் தடவிக்கொள்கிறார்கள். செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் மெழுகையே முன்னோர் இதற்குப் பயன்படுத்தினர். நூலை முள்ளின் தண்டில் நெருக்கமாக ஒரே அடுக்காகச் சுற்றினால் அதுவே உடல். பிறகு கௌதாரியின் பழுப்புப் புள்ளியுள்ள சிறிய இறகு ஒன்றை எடுத்து, அடியிலுள்ள பஞ்சு போன்ற தூவியை நீக்கி, தலைப்பக்கத்தில் கட்டி, இரண்டே சுற்றுச் சுற்றுகிறார்கள். நூலை முடிச்சிட்டு அறுத்துவிட்டால் வேலை முடிந்தது. 'கௌதாரியும் ஆரஞ்சும்' என்பது இதன் பெயர். வட இங்கிலாந்தின் ஆறுகளில் தலைமுறை தலைமுறையாகப் புகழ்பெற்றது இது.

உலர்ந்த நிலையில் பார்த்தால் இது எந்தப் பூச்சியையும் போல இராது. கண் இல்லை, சிறகு இல்லை, வால்கூட இல்லை. நீரில் நனைந்ததும் பட்டின் பளிச்சென்ற நிறம் மங்கிச் செம்பழுப்பாகிறது. சேவலின் கழுத்திறகு விறைப்பானது. கௌதாரியின் இறகோ மெல்லியது. ஆகவே நீரோட்டத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் அதன் இழைகள் மடங்கி விரிகின்றன. மூச்சு விடுவதுபோலத் தோன்றுகின்றன. உயிரின் உருவம் அங்கே இல்லை. உயிரின் சாயல் மட்டும் இருக்கிறது.

இக்கலையின் நுட்பம் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதிலேயே அடங்கியிருக்கிறது. இரண்டு சுற்று முடிந்ததும் மூன்றாவது சுற்றுக்கும் இறகில் இடமிருக்கும். புதிதாகக் கற்பவனின் கை அதைச் சுற்றத் துடிக்கும். சுற்றிவிட்டால் இழைகள் அடர்ந்து, அசைவு கெட்டு, நீரில் ஒரு சிறு துடைப்பம்போல நிற்கும். இன்னொரு வகையில், மஞ்சள் பட்டின்மேல் மோல் என்னும் மண்தோண்டி வாழும் விலங்கின் மென்மயிரைப் படியவிட்டு, நீர்க்கோழியின் சிறகடி இறகைக் கட்டுவார்கள். அந்த மயிரும் அடியிலுள்ள மஞ்சள் தெரியுமளவுக்கு மட்டுமே, புகை படிந்ததுபோல இருக்க வேண்டும் என்பது விதி. குறைவாகச் சொல்வதே இங்கு வலிமை.

மீனை இவ்வாறு ஏமாற்றுவது மிகப் பழைய வழக்கம். ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏலியன் என்ற எழுத்தாளர், மாசிடோனியாவின் ஆறொன்றில் மீன்பிடிப்போர் முள்ளின்மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, அதில் சேவலின் இறகுகளைப் பொருத்தியதை எழுதி வைத்திருக்கிறார். அங்குள்ள மீன்கள் விரும்பி உண்ட ஈயை ஏன் அப்படியே முள்ளில் கோக்கவில்லை என்பதற்கும் அவர் காரணம் தருகிறார்: மனிதக் கை பட்டதும் அந்த ஈ நிறமிழந்து, சிறகு வாடி, மீனுக்கு உதவாததாகிவிடுமாம். மெய் கைக்கு அடங்கவில்லை. ஆகவே போலி பிறந்தது.

1857இல் வெளியான நூலொன்றில் ஸ்காட்லாந்தின் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் மூன்று சிலந்திகளைப் பரிந்துரைத்தார். அவற்றுள் கருநிறச் சிலந்தியைத் தமக்குக் காட்டியவர் ஜேம்ஸ் பெய்லி என்னும் மீனவரே என்பதை மறைக்காமல் எழுதினார். நிறத்தை அச்சு மாறாமல் பின்பற்றுவதைவிட, வடிவம் மெலிந்தும் கட்டு இலேசாகவும் இருப்பதே முக்கியம் என்பது அவர் கொள்கை. 1885இல் டி. ஈ. பிரிட் யார்க்‌ஷயரின் ஈக்களைத் தொகுத்தார். 1916இல் எட்மண்ட்ஸ், லீ என்னும் இருவர் இன்னும் நுணுக்கமாக எழுதினர். அமெரிக்காவில் சில்வெஸ்டர் நெமஸ் 1975இல் எழுதிய நூல், மறக்கப்பட்டிருந்த இக்கலைக்கு அந்நாட்டில் மறுவாழ்வு தந்தது.

ஆனால் தென் இங்கிலாந்தில் வேறொரு கொள்கை ஓங்கியிருந்தது. அங்குள்ள ஆறுகள் சுண்ணப் பாறையிலிருந்து ஊறி, கண்ணாடிபோல் தெளிந்து, மெல்ல ஓடுபவை. மீன் மிதந்துவரும் பூச்சியை நிதானமாக ஆராய்ந்து பார்க்க அங்கே நேரமுண்டு. எனவே ஃபிரடெரிக் ஹால்ஃபர்ட் என்பவர் 1886இல் எழுதிய நூலில், இயற்கைப் பூச்சியை நிறம், அளவு, வடிவம் அனைத்திலும் ஒத்த போலிகளைக் கட்டும் முறையை வகுத்தார். வடக்கிலோ நீர் விரைவாக ஓடுகிறது. மீனுக்குக் கிடைப்பது ஒரு நொடி. கடந்து போவதற்குள் கவ்வ வேண்டும், தவறினால் பசி. அந்த நொடியில் அது காண்பது ஒரு நிறச்சாயல், ஓர் அசைவு. கண்ணும் சிறகும் வாலும் அந்தப் பசியே சேர்த்துக்கொள்கிறது.

இந்த இரு கொள்கைகளுக்கும் உள்ள வேறுபாடே நம் ஆராய்ச்சியின் திறவுகோல். முழுமையாகச் சொல்லப்படும் பொய்யை ஒத்துப் பார்த்துப் பிழை காணலாம். பொய்யன் அகப்பட்டுக்கொள்ளவும் கூடும். குறிப்பாக விடப்படும் பொய்யில் ஒத்துப் பார்க்க எதுவுமே இல்லை. அதன் பெரும்பகுதியைக் கட்டியவன் செய்யவில்லை. ஏமாந்தவனே தன் தேவையால் செய்து முடித்தான். பின்னர் வழக்கு வந்தால், கட்டியவன் கையை விரித்து, "இதோ பாருங்கள், கொஞ்சம் பட்டும் ஓர் இறகும்தான் இருக்கின்றன. இது பூச்சி என்று நான் எப்போது சொன்னேன்?" என்று கேட்கலாம். கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கேட்ட குரல் இதுவேயன்றோ?

அப்படியானால் ஆற்றங்கரையில் இருப்பவனும் பொய்யன்தானா? மீனை ஏமாற்றுவதும் பாவமா? இங்கே நிதானமாக அடியெடுத்து வைக்க வேண்டும்.

நபிமொழிகளைத் தேடி நெடுந்தூரம் பயணம் செய்த ஓர் இமாமைப் பற்றி ஆலிம் பெருமக்கள் சொல்லும் நிகழ்ச்சியொன்று நம் வீடுகளில் பலரும் கேட்டதே. ஒரு நபிமொழியை அறிந்தவர் என்று கேள்விப்பட்டு ஒருவரைக் காண இமாம் அவர்கள் சென்றார்கள். அந்த மனிதரோ அவிழ்த்துக்கொண்டு ஓடிய தம் குதிரையைப் பிடிப்பதற்காக, மடியில் தீவனம் இருப்பதுபோலப் பாவனை செய்து அதை அழைத்துக்கொண்டிருந்தார். மடி வெறுமையாக இருந்ததைக் கண்ட இமாம் அவர்கள், வாயில்லாப் பிராணியிடமே பொய்த்தவரிடமிருந்து நபிமொழியைப் பெறுவதில்லை என்று திரும்பிவிட்டார்கள் என்பர்.

வெற்று மடியும் வெற்று இறகும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அந்தக் குதிரை ஏன் மடியை நம்பியது? முன்பு பலமுறை அதே கை அதற்குத் தீவனம் ஊட்டியது; அதே குரல் அதைத் தடவிக்கொடுத்தது. அவர்களுக்கிடையே சொல்லில் எழுதாத ஓர் உடன்பாடு இருந்தது. அந்த மனிதர் மடியை விரித்தபோது தம்மீது குதிரை வைத்திருந்த நம்பிக்கையையே தூண்டில் முள்ளாக்கினார். ஆற்று டிரவுட்டுக்கும் மீன்பிடிப்பவனுக்கும் இடையே அப்படி எந்த உடன்பாடும் இல்லை. மீன் அவனை நம்பவில்லை; அவன் நிழல் நீரில் விழுந்தாலே ஓடி ஒளிகிறது. அது ஏமாந்தது தன் கண்ணால். அவன்மீது கொண்ட நம்பிக்கையால் அன்று.

திருமறை கூறும் வரலாறு ஒன்றும் இந்த எண்ணத்தை உறுதி செய்கிறது. சனிக்கிழமையின் புனிதத்தைக் காக்கக் கடமைப்பட்டிருந்த ஒரு கடற்கரை ஊராருக்கு, அந்த ஒரு நாளில்தான் மீன்கள் கண்முன்னே திரண்டு வந்தன. அவர்கள் முதல் நாளே வலையும் பொறியும் அமைத்து வைத்து, மறுநாள் மீன்களை அள்ளிக்கொண்டு, சனிக்கிழமை நாங்கள் எதையும் பிடிக்கவில்லையே என்று சாதித்தார்கள் என விரிவுரையாளர்கள் விளக்குவர். அவர்கள்மீது வந்த குற்றம், மீனை ஏமாற்றினார்கள் என்பதன்று. வாக்கை மீறினார்கள் என்பதே. அதுவும் வாக்கின் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டே அதன் பொருளைக் கொன்றார்கள். நீரிலிருந்து பெறும் உணவை இறைவன் மனிதனுக்கு ஆகுமாக்கியிருக்கிறான். வலையும் தூண்டிலும் அதற்கான கருவிகள். மாறாக, அமானிதமாக வந்த நம்பிக்கையைக் கருவியாக்குவதற்கு எவருக்கும் அனுமதியில்லை.

ஆகவே நாம் அடைந்த முதல் முடிவு இது: ஏமாற்று எல்லாம் பொய்யன்று, நம்பிக்கையைக் கொண்டு ஏமாற்றுவதே பொய். இந்த அளவுகோலை மீன்பிடிப்பவர்களும் தங்களுக்கு வைத்துப் பார்க்கலாம். இக்காலத்தில் பண்ணைகளில் டிரவுட்டை வளர்த்து, பின்னர் ஏரிகளிலும் ஆறுகளிலும் விட்டு, பொழுதுபோக்காகப் பிடிக்கிறார்கள். கரையில் ஆள் வந்தால் தீவனம் வரும் என்று பழகிய மீன் அது. அதன் எதிரே நின்று ஈயை வீசுகிறவன், ஆற்று மீனை நாடிச் செல்பவனைவிட அந்த வெற்று மடிக்காரருக்கே நெருக்கமானவன் என்று நமக்குத் தோன்றுகிறது.

மீனிடம் பொய் இல்லை என்றால், அதனிடம் எதையும் செய்யலாம் என்றாகிவிடுமா? ஆகாது. வாய்மையின் கணக்கு முடிந்த இடத்தில் இரக்கத்தின் கணக்கு தொடங்குகிறது. 2003ஆம் ஆண்டு லின் ஸ்னெடனும் அவருடைய கூட்டாளிகளும் வானவில் டிரவுட்டின் தலைப்பகுதியை ஆராய்ந்து, 58 உணர்வு முனைகளுள் 22 முனைகள் தீங்கு தரும் தூண்டலை உணரும் வகையைச் சேர்ந்தவை எனக் கண்டனர். உதட்டில் எரிச்சலூட்டும் பொருள் செலுத்தப்பட்ட மீன்கள் வாயைச் சரளைக் கற்களில் உராய்ந்தன. வழக்கத்தைவிட நெடுநேரம் இரையைத் தொடவில்லை. மீனின் மூளையில் நம்முடையது போன்ற மேற்பட்டை இல்லாமையால், அது வலியை நம்மைப்போல் அறியாது என்று ஜேம்ஸ் ரோஸ் 2002இல் வாதிட்டிருந்தார். இந்த வழக்கு இன்னும் முற்றும் தீரவில்லை. ஐயம் இருக்கும் இடத்தில் உயிரின் பக்கம் சாய்வதே பண்பு.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் எழுகிறது. பிடித்த மீனை உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கம் மேலை நாடுகளில் பரவியிருக்கிறது. மீனினம் அழியாமல் காக்க இது உதவும் என்பதில் உண்மையுண்டு. பல ஆறுகளில் பழைய மீன்கள் எஞ்சியிருப்பதற்கு இவ்வழக்கமும் ஒரு காரணம் என்று அதனை ஆதரிப்போர் கூறுவதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் சுவிட்சர்லாந்து 2008இல் வகுத்த விலங்குப் பாதுகாப்பு விதிகளில், விட்டுவிடும் நோக்கத்துடனேயே மீன் பிடிப்பதைத் தடை செய்தது. உண்பதற்குத் தேவையில்லாதபோது ஓர் உயிரை ஏன் வருத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உயிருள்ள ஒன்றை அம்பெய்து பழகும் இலக்காக்குவதைத் தடுத்தார்கள் என்பதை அறிந்த நமக்கு இந்த எண்ணம் அயலானதன்று. பசிக்காகப் பிடிக்கச் சென்றவன், சிறிய மீனைத் திரும்ப விடுவது இரக்கம். விடுவதற்கென்றே பிடிப்பதோ இரக்கத்தின் சட்டையை அணிந்துகொண்ட விளையாட்டு. இரண்டின் செயலும் ஒன்றே, நிய்யத்து வேறு.

தூண்டில் மீனை மட்டும் பிடிப்பதில்லை என்பதற்கும் ஒரு செய்தி உண்டு. சால்மன் என்னும் மீனுக்காக விக்டோரியா அரசி காலத்தில் கட்டப்பட்ட ஈக்கள், வெப்ப நாடுகளின் அரிய பறவைகளின் வண்ண இறகுகளால் ஆனவை. கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பிய சால்மன் பெரும்பாலும் எதையும் உண்பதில்லை. அதற்கு அந்த வண்ணங்கள் எதற்கு? அவை மனிதன் கண்ணுக்காகவே கட்டப்பட்டவை. 2009இல், இந்தக் கலையில் மயங்கிய ஓர் இளைஞர் இங்கிலாந்தின் டிரிங் நகர அருங்காட்சியகத்தில் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார். இயற்கை விஞ்ஞானி ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் பல இன்னல்களுக்கிடையே சேகரித்தவையும் அவற்றுள் இருந்தன. சூதில் வென்ற பொருளைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனோடு வள்ளுவர் ஒப்பிட்டது நினைவுக்கு வருகிறது. கட்டியவனே கவ்விக்கொள்ளும் ஈயும் உலகில் உண்டு.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம்.

மகனைச் சபர் அனுப்ப வேண்டும் என்ற கவலையோடு ஒரு வாப்பா, வேலைக்கு ஆள் சேர்ப்பவரிடம் போகிறார். "பெரிய கம்பெனி. நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார் அவர். மூன்று செய்திகளும் உண்மை. என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு பிடித்தம் என்பவை சொல்லப்படவில்லை. வாப்பாவின் மனத்தில் குளிர்ந்த அலுவலக அறையும், மாதந்தோறும் வரும் பணமும், மகளின் நிக்காஹும் தாமே எழுந்து நிற்கின்றன. உம்மாவின் வளையல்கள் விற்கப்படுகின்றன. மகன் போய்ச் சேர்ந்தது கொதிக்கும் வெயிலில் சுமை தூக்கும் வேலைக்கு. திரும்பி வந்து கேட்டால், "என்ன வேலை என்று நீங்கள் கேட்கவே இல்லையே" என்கிறார் அந்த மனிதர். பட்டு நூல் ஒரு சுற்று. இறகு இரண்டு சுற்று.

திருமணப் பேச்சிலும் இதைக் காண்கிறோம். "மாப்பிள்ளை சொந்தமாகத் தொழில் பார்க்கிறார்" என்கிறார்கள். அந்தத் தொழில் கடனில் மூழ்கியிருப்பதைச் சொல்வதில்லை. "பெண்ணுக்கு எப்போதாவது கொஞ்சம் முடியாமல் வரும்" என்கிறார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த காகிதங்கள் அலமாரியில் பூட்டப்பட்டிருக்கின்றன. இரு வீட்டாருமே ஒரு பொய்யும் பேசவில்லை. ஆனால் இரண்டு பிள்ளைகள் அந்தச் சொல்லாத பொய்யைச் சுமந்து வாழ்நாள் முழுதும் நடக்க வேண்டியிருக்கிறது.

"கேட்பவரும் விசாரித்திருக்க வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும்தான். விசாரிக்கக் கூச்சப்படுவது நம்மிடையே உள்ள ஒரு குறை. அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் கேட்காதது அவர் குறை என்றால், கேட்கமாட்டார் என்று அறிந்தே அளந்து பேசியது இவர் குற்றம். இரண்டும் ஒரே எடையல்ல. தேவையில் இருப்பவனுக்கு, விரைந்தோடும் ஆற்றின் மீனைப்போல, ஆராய்வதற்கு ஒரு நொடிதான் கிடைக்கிறது. அந்த நொடியைக் கணக்கிட்டுச் சொல்லைக் கட்டுகிறவன், சொல்லின் உண்மையைக் காட்டித் தப்ப முடியாது. மீனாவது அவனை நம்பவில்லை. இந்த வாப்பாவோ ஸலாம் சொல்லி, நம் ஊர்க்காரர் என்று நம்பி வந்தவர்.

அப்படியென்றால் தெரிந்ததையெல்லாம் எல்லாரிடமும் கொட்டிவிட வேண்டுமா? இல்லை. பிறர் குறையை மூடுவது நற்செயல். நோயாளியிடம் மென்மையாகப் பேசுவது கருணை. பகைத்த இருவரைச் சேர்த்துவைக்க, ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லை மற்றவரிடம் விழுங்கிவிடுவது பெருந்தன்மை. இவையும் குறைவாகச் சொல்லுதலே. வேறுபாடு எங்கே என்றால், இவற்றில் பட்டும் இறகும் இருக்கின்றன, முள் இல்லை. நம் மௌனத்தால் வரும் ஆதாயம் யாருக்கு, காயம் யாருக்கு என்று நம்மையே கேட்டுக்கொண்டால் போதும். ஆதாயம் நமக்கும் காயம் மற்றவருக்கும் ஆனால், இறகுக்கு அடியில் முள் மறைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆற்றங்கரையில் ஈ கட்டுபவன் ஒருவகையில் நம்மைவிட நேர்மையானவன். தான் கட்டுவது போலி என்று அவனுக்குத் தெரியும். அதைப் போலி என்றே அழைக்கிறான். மகனுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறான். நாமோ அதே வேலையைச் செய்துவிட்டு அதற்குச் சாமர்த்தியம் என்றும், பேச்சுத்திறம் என்றும், உலக நடப்பு என்றும் பெயர் சூட்டுகிறோம். நாளடைவில் நம் குழந்தைகளும் அப்பெயர்களையே கற்றுக்கொள்கின்றன.

அவர்கள் கற்கும் முதல் பாடம் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே நடக்கிறது. தெருவில் விளையாடும் பிள்ளை உள்ளே வர மறுக்கும்போது, வெறுங்கையை மூடிக்காட்டி, "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னிலையில் ஒரு தாயார் தம் பிள்ளையை இப்படி அழைத்தபோது, என்ன கொடுக்க எண்ணினீர் என்று நாயகம் அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அத்தாயார். ஒன்றும் கொடாதிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதிவாகியிருக்கும் என்று அவருக்கு உணர்த்தப்பட்டது. மூடிய கையைப் பார்த்து ஓடிவருகிற குழந்தைக்கு, அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அது யாருடைய கை என்பது மட்டுமே. அந்தக் கைக்குள் ஒரு பேரீச்சம்பழமாவது இருக்கட்டும்.